அயலார் செவிக்கு உரிய கடன்: எண்ணெய்க் கொதிகலனின் ஓசை குறித்த ஓர் அறநெறி ஆய்வு

குளிர் மிகுந்த நாடுகளில் வீட்டைச் சூடாக வைத்திருப்பது வெறும் வசதியைச் சேர்ந்த செய்தி அன்று. குழந்தைகளும் முதியோரும் நோயின்றிக் குளிர்காலத்தைக் கடப்பதற்கு அது இன்றியமையாதது. இயற்கை எரிவாயுக் குழாய்கள் சென்று சேராத பகுதிகளில் இத்தேவையைப் பெரிதும் நிறைவு செய்வது எண்ணெயால் எரியும் கொதிகலன், அதாவது மக்கள் வழக்கில் பாய்லர் எனப்படும் பொறி. வட அயர்லாந்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் எண்ணெய்க் கொதிகலனையே நம்பியுள்ளன. அயர்லாந்துக் குடியரசின் நாட்டுப்புறங்களிலும், இங்கிலாந்தின் சிற்றூர்களிலும், ஜெர்மனியின் பழைய குடியிருப்புகளிலும் இலட்சக்கணக்கான இல்லங்களைச் சூடேற்றுவதும் அதுவே. சமையலறையின் மூலையிலோ, நிலவறையிலோ, வெளிச்சுவரை ஒட்டிய தகட்டுப் பெட்டிக்குள்ளோ நிற்கும் அப்பொறி, நீரைச் சூடாக்கி, அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களுக்குக் குழாய்களின் வழியே அனுப்புகிறது. அதன் வெப்பம் வீட்டின் சுவர்களுக்குள் அடங்கி, எண்ணெய்க்கு விலை கொடுத்தவருக்கே பயன்படுகிறது. அதன் ஓசையோ சுவரைக் கடந்து, அந்த வெப்பத்தில் எப்பங்கும் இல்லாத ஒருவரின் படுக்கையறை வரை செல்கிறது.

பயன் ஓரிடத்திலும் தொல்லை வேறிடத்திலும் விழும் இச்சமமின்மையே இங்கு ஆராயப்படுகிறது. ஒருவருடைய நியாயமான தேவையிலிருந்து பிறக்கும் ஓசையை அயலார் பொறுத்துக்கொள்ள வேண்டுமா, எழுப்புபவரே அதைத் தணிக்க வேண்டுமா என்னும் வினா, பார்வைக்குச் சிறியதாயினும், மெய்யியலும் சமயங்களும் நெடுங்காலமாக எண்ணிவந்த இரண்டு கேள்விகளைத் தன்னுள் கொண்டிருக்கிறது. மன அமைதி என்பது கேட்பவரின் உள்ளப் பயிற்சியால் கிடைப்பதா, சூழலின் ஒழுங்கால் கிடைப்பதா என்பது ஒன்று. தீங்கு செய்யும் எண்ணமே இல்லாதவரிடமிருந்து வரும் தீங்குக்கு அவர் எந்த அளவு பொறுப்பாளி என்பது மற்றொன்று. இவற்றுக்கு விடை காண்பதற்கு முன், ஓசை எங்கிருந்து எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்துகொள்வது அவசியம். ஏனெனில் தணிக்கக்கூடிய ஓசை எது, தவிர்க்க முடியாத ஓசை எது என்ற வேறுபாடு தெரியாதவரை, யாருடைய கடமையையும் வரையறுக்க இயலாது.

ஓசை பிறக்கும் இடங்கள்

வீட்டுக் கொதிகலன்களில் மிகப் பலவும், எண்ணெயை அழுத்தத்துடன் பீச்சி எரிக்கும் பர்னரால், அதாவது எரிப்பானால், இயங்குபவை. நீரின் சூடு குறைந்ததைக் கட்டுப்பாட்டுக் கருவி உணர்ந்ததும், மோட்டார் முதலில் விசிறியைச் சுழற்றுகிறது. எரியறையில் தங்கியிருக்கும் வளியை வெளியேற்றும் பொருட்டுச் சில நொடிகளுக்கு வெறும் காற்று மட்டும் வீசுகிறது. இரண்டு மின்முனைகளுக்கு இடையே உயரழுத்த மின்பொறி சடசடக்கிறது. பின்னர் காந்த வால்வு திறக்க, பம்ப் 7 முதல் 10 பார் வரையிலான அழுத்தத்தில் தள்ளும் மண்ணெண்ணெய் (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்துக்கு ஈடான அலகு), நாசில் எனப்படும் நுண்துளை முனை வழியே கூம்பு வடிவில் நுண்துளிகளாகச் சிதறி, ஒரு குமுறலுடன் தீப்பற்றுகிறது. மண்ணெண்ணெய் லிட்டருக்கு ஏறத்தாழ 10 கிலோவாட் மணி வெப்பம் தருவதால், 20 கிலோவாட் திறனுள்ள கொதிகலன் முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 2 லிட்டரை எரிக்கிறது. வீட்டின் சூடு நிறைந்ததும் நின்று, குறைந்ததும் மறுபடி தொடங்கும் இச்சுழற்சி, கடுங்குளிர் நாளில் இரவும் பகலும் தொடர்கிறது.

இதில் ஓசைக்கு நான்கு ஊற்றுகள் உள்ளன. முதலாவது, மோட்டாரும் விசிறியும் பம்ப்பும். ஐரோப்பிய மின்வழங்கலில் இத்தகைய மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2800 முறை சுழல்வதால், நொடிக்கு 47 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த முரல்வு பிறக்கிறது. இவ்வதிர்வு காற்றின் வழியே மட்டும் செல்வதில்லை. கொதிகலனின் கால்கள் வழியே தரைக்கும், செம்புக் குழாயைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் கவ்விகள் வழியே கட்டடத்துக்கும் ஏறுகிறது. கட்டடத்தின் உடல் வழியே பரவும் இதனைக் கட்டமைப்பு வழி ஓசை என்று பொறியியலார் அழைப்பர். இரண்டாவது, தீச்சுடர். சுடரின் வெப்ப வெளியீடு ஏறியிறங்கும் தாளமும், எரியறையிலும் புகைபோக்கியிலும் உள்ள வளியின் அழுத்தம் ஏறியிறங்கும் தாளமும் ஒத்துவரும்போது, ஒன்று மற்றொன்றை வளர்த்து முழக்கமாகிறது. இதன் அடிப்படை நெறியை ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு 1878இல் விளக்கினார். மூன்றாவது, புகைபோக்கியின் வெளிவாய். சுடரின் முழக்கம் அங்கிருந்து நேரே அடுத்த வீட்டு முற்றத்துக்குச் செல்கிறது. நான்காவது, நீர். கடினநீரால் படியும் சுண்ணப் படலமும் குழாய்களில் சேரும் துருச்சேறும் நீரின் ஓட்டத்தைத் தடுக்க, உலோகச் சுவரை ஒட்டிய இடத்தில் நீர் கொதித்துக் குமிழ்கள் வெடிப்பதால், சலசலப்பும் இடிப்பும் கேட்கின்றன.

இந்நான்கிலும் ஒரு பகுதி எரிதலின் இயல்பு. பெரும்பகுதி தேய்மானம், படிவு, தவறான அமைப்பு ஆகியவற்றின் விளைவு. மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பு தேய்ந்தால் தடதடப்பு எழுகிறது. எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்தால் பம்ப் கீச்சிடுகிறது. நாசில் பழுதுற்றால் சுடர் நிலையிழந்து துடிக்கிறது. ஆகவே கொதிகலனின் ஓசை என்று மொத்தமாகச் சொல்லப்படுவது, மனிதத் தேவைக்குச் செலுத்தப்படும் விலையும் மனிதப் புறக்கணிப்பின் விளைவும் கலந்த ஒன்று. இவற்றைப் பிரித்தறிவதில்தான் அறநெறி ஆய்வு தொடங்குகிறது.

மூடவியலாத புலன்

பிறரால் வரும் தொல்லைகளுள் ஓசைக்குத் தனி இடம் தருவது செவியின் இயல்பு. வேண்டாத காட்சியிலிருந்து முகத்தைத் திருப்பலாம், கண்ணை மூடலாம். செவிக்கு இமை இல்லை, உறக்கத்திலும் அது விழித்திருக்கிறது. ஹான்ஸ் ஜோனஸ் என்னும் ஜெர்மன் யூத மெய்யியலாளர், புலன்களைப் பற்றி 1954இல் எழுதிய கட்டுரையில், காண்பவர் தாம் நோக்கும் பொருளைத் தெரிந்தெடுக்கிறார் என்றும், கேட்பவரோ வெளியே நிகழ்வதன் ஆளுகைக்கு உட்பட்டவர் என்றும் வேறுபடுத்தினார். இம்மானுவேல் கான்ட் 1790இல் வெளியிட்ட 'தீர்ப்புத்திறன் பற்றிய திறனாய்வு' நூலின் 53ஆம் பிரிவில், இசைக்கு ஒருவகை நாகரிகக் குறைபாடு உண்டென்று கருதினார். விரும்பியவரை மட்டுமன்றி விரும்பாத அயலாரையும் அது சென்றடைந்து அவர்களின் உரிமையில் தலையிடுகிறது என்பது அவர் தந்த காரணம். இது அவருக்கு ஏட்டளவில் நின்ற கொள்கை அன்று. கோனிக்ஸ்பெர்க் நகரில் அவர் வாங்கிய வீட்டருகே இருந்த சிறையில் கைதிகள் உரக்கப் பாடிய பக்திப் பாடல்களைத் தணிக்கச் செய்யுமாறு, 1784இல் நகரத் தலைவர் ஹிப்பெலுக்கு அவர் கடிதம் எழுதினார்.

கான்ட்டின் கருத்தில் கவனிக்க வேண்டியது, ஓசையின் தரம் அங்கே பேசப்படவில்லை என்பது. பக்திப் பாடலே ஆயினும், கேட்பவரின் இசைவின்றி அவர் உள்ளத்துக்குள் நுழையும்போது அது ஓர் எல்லை மீறலாகிறது. இசைக்கே இது பொருந்துமானால், பாடுபவர் எவரும் இல்லாத பொறியின் முரல்வுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். எனினும் ஒரு தடை உண்டு: பாடாமல் இருக்கலாம், சனவரி மாத அயர்லாந்தில் வீட்டைச் சூடேற்றாமல் இருக்க முடியாது. எனவே ஓசை எழுப்பாதே என்னும் கட்டளை இங்கே போதுமானதாக இல்லை. எவ்வளவு, எப்பொழுது, எம்முயற்சிக்குப் பின் என்னும் வரையறைகள் தேவைப்படுகின்றன.

செனெகாவின் வழியும் அதன் எல்லையும்

உள்ளத்தைப் பயிற்றுவித்தால் ஓசை தீண்டாது என்னும் கொள்கையை மிகத் தெளிவாகச் சோதித்துப் பார்த்தவர், முதல் நூற்றாண்டு உரோமைச் சேர்ந்த செனெகா. அவர் ஸ்டோயிக் நெறியினர். புறநிகழ்ச்சிகள் மனிதரின் ஆளுகைக்கு அப்பாற்பட்டவை, அவற்றைப் பற்றிய தம் தீர்ப்பு மட்டுமே அவர் வசம் உள்ளது என்பது அந்நெறியின் அடிப்படை. லூசிலியுஸ் என்னும் நண்பருக்கு அவர் எழுதிய கடிதத் தொகுப்பில் 56ஆம் கடிதம், ஒரு பொதுக் குளியலகத்தின் மேலே அவர் தங்கியிருந்தபோது கேட்ட ஓசைகளை ஒன்றன்பின் ஒன்றாக விவரிக்கிறது. எடை தூக்குவோரின் முனகல், பந்து விளையாட்டில் எண்ணிக்கை சொல்லும் குரல், நீரில் குதிப்போரின் இரைச்சல், தின்பண்டம் விற்போரின் கூவல் ஆகியவற்றுக்கு நடுவே, மனம் தன்னுள் ஒழுங்குற்றிருந்தால் வெளியே எது ஒலித்தாலும் கவலையில்லை என்று அவர் வாதிடுகிறார். உள்ளே ஆசையும் அச்சமும் கலகம் செய்யும்போது, ஊரே அடங்கிய இரவும் அமைதியைத் தராது என்றும் உணர்த்துகிறார். அக்காலக் குளியலகங்கள், தரைக்கு அடியிலும் சுவர்க் குழாய்களிலும் சூடான காற்றைச் செலுத்திச் சூடேற்றப்பட்டவை. அந்த ஏற்பாடு தம் காலத்தில் தோன்றிய புதுமை என்று 90ஆம் கடிதத்தில் செனெகாவே குறிப்பிடுகிறார். வெப்பமும் அயலாரின் ஓசையும் ஒரே கட்டடத்தில் கூடியிருந்ததை அவர் அறிந்திருந்தார்.

ஆயினும் 56ஆம் கடிதத்தின் முடிவு, அதன் வாதத்தைவிட அறிவூட்டுவது. பயிற்சிக்காகவே அங்கே தங்கியதாகவும், எளிதில் விலகக்கூடிய துன்பத்தை வீணே நீட்டிப்பானேன் என்பதாகவும் கூறி, அவ்விடத்தை விட்டு நீங்கத் துணிகிறார். இது கொள்கையின் தோல்வி என்று சிலர் கருதலாம். ஆனால் இதில் வேறொரு தெளிவு இருக்கிறது: உள்ளப் பயிற்சி என்பது ஒருவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் ஒழுக்கம், அதை ஏற்பதும், போதும் என்று நிறுத்துவதும் பயில்பவரின் உரிமை. செனெகா தம் பொறுமையைத் தாமே தேர்ந்தெடுத்தார், தாமே முடித்துக்கொண்டார். குளியலகத்தின் உரிமையாளர் அவரிடம் வந்து, ஸ்டோயிக்கரான தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தால், அதே கொள்கை அறிவுரையாக இருப்பது மாறி, கடமையைத் தட்டிக்கழிக்கும் சாக்காகியிருக்கும். அமைதியைப் பற்றிய போதனை தன்மையில் சொல்லப்படும்போது அறம்; ஓசை எழுப்புபவரால் முன்னிலையில் சொல்லப்படும்போது அது அறமாவதில்லை. வாடகையோ வருமானமோ இடம் தராததால் வேறு வீடு தேட இயலாத அயலாருக்கு, செனெகாவுக்கு இருந்த கடைசி வழியும் இல்லை என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

மடத்தின் ஒழுங்கும் யூதச் சட்டமும்

ஓசையை அடக்கும் கடமையை எழுப்புபவர் மீது வைத்த சமய மரபுகளுள் கிறித்துவத் துறவு மரபு முதன்மையானது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவியர் ஒழுங்குமுறை, இரவு வழிபாட்டுக்குப் பின் எவரும் பேசலாகாது என்று 42ஆம் அதிகாரத்தில் விதிக்கிறது. 48ஆம் அதிகாரத்தில் காணப்படும் ஒரு நுண்ணிய விதி அதனினும் பொருத்தமானது: நண்பகல் உணவுக்குப் பின் துறவியர் ஓய்வெடுக்கும் நேரத்தில் ஒருவர் படிக்க விரும்பினால், மற்றவருக்கு இடையூறின்றித் தமக்குள் படித்துக்கொள்ள வேண்டும். வாய்விட்டுப் படிப்பதே வழக்கமாக இருந்த காலத்தில், மறைநூல் வாசிப்பு என்னும் புனிதச் செயலுக்கும் இவ்வரம்பு விதிக்கப்பட்டது. செயல் நல்லது என்பதால் அதன் ஓசைக்கும் உரிமை பிறந்துவிடாது என்பதே இதன் உட்பொருள். பிற்காலச் சிஸ்டர்சியன் மடங்களில் சமையலறை, நோயாளர் கூடம் போன்றவை நீங்கலாக, துறவியர் குளிர்காய்வதற்கென ஒரே ஓர் அறையில் மட்டும் நெருப்பு மூட்டப்பட்டது. வெப்பம் அங்கே தனியுடைமையாக இல்லாமல், பொது ஒழுங்குக்கு உட்பட்ட பகிர்வாக இருந்தது.

துறவு மடத்தின் ஒழுங்கு, ஒரே நோக்கம் கொண்டவர்களுக்கு எளிது. பல தொழில்களும் குடும்பங்களும் நெருங்கி வாழும் ஊருக்கு இன்னும் விரிவான சிந்தனை தேவைப்படுகிறது. அதனைத் தருவது, கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவின் பாபா பத்ரா என்னும் பகுதி. அதன் இரண்டாம் அதிகாரம், பொது முற்றத்தில் கடை வைப்பவரை, வருவோர் போவோரின் ஓசையால் உறக்கம் கெடுகிறது என்று கூறி அயலார் தடுக்கலாம் என்கிறது. ஆனால் வீட்டுக்குள் கைத்தொழில் செய்பவரின் சுத்தியல் ஓசையையும், திரிகை ஓசையையும், குழந்தைகளின் ஓசையையும் காரணமாகக் காட்டித் தடுக்க முடியாது என்கிறது. குழந்தைகள் என்றதை, மறைநூல் பயிலும் மாணாக்கர் என்று பின்வந்த தல்மூத் உரையாளர்கள் விளக்கினர். பிழைப்புக்கும் கல்விக்கும் உரிய ஓசையைச் சமுதாயம் சுமந்தே ஆகவேண்டும் என்னும் உணர்வு இதில் வெளிப்படுகிறது.

இவ்விதியை மட்டும் படிப்பவர், வீட்டைச் சூடேற்றும் ஓசையும் அத்தகைய விலக்குப் பெற்றதே என்று முடிவு கட்டக்கூடும். ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கம் வேறொன்றைச் சேர்த்துச் சொல்கிறது: திரிகையை அயலாரின் சுவரிலிருந்து அதன் அடிக்கல் மூன்று கையகலம் விலகியிருக்குமாறு வைக்க வேண்டும், அடுப்பையும் அவ்வாறே தள்ளி அமைக்க வேண்டும். திரிகைக்கு இத்தொலைவு ஏன் என்று ஆராயும் தல்மூத், அதிர்வு என்றும் ஓசை என்றும் இரு காரணங்களை எடுத்து விவாதிக்கிறது. ஆக, திரிகையின் ஓசைக்கு எதிராக அயலார் வழக்குரைக்க முடியாது. ஆனால் திரிகையைச் சுவரோடு ஒட்டி வைக்க உரிமையாளருக்கும் அனுமதி இல்லை. தள்ளி வைப்பது முதல் கடமை, பொறுத்துக்கொள்வது அதற்குப் பின் வரும் கடமை என்று இவ்விரு விதிகளையும் இணைத்துப் பொருள் கொள்வதே முறை. சுவரில் இறுக்கிய கவ்வி வழியே முரல்வு ஏறும் இக்காலக் கொதிகலனுக்கு, இத்தொன்மையான விதி மாற்றமின்றிப் பொருந்துகிறது.

சட்டத்தின் அளவும் அளவுகோலின் செவிட்டுத்தன்மையும்

உரோமச் சட்டமும் இதே பிரிவினையை வேறு வழியில் அடைந்தது. ஜஸ்டினியன் பேரரசர் காலத்தில் தொகுக்கப்பட்ட டைஜஸ்ட் என்னும் சட்டத் திரட்டில், பாலாடைக்கட்டிக் கூடத்தின் புகையை மேலுள்ள வீட்டுக்குள் செலுத்தும் உரிமை, அதற்கெனத் தனி இசைவு இருந்தாலன்றி எவருக்கும் இல்லை என்ற சட்ட அறிஞர் அரிஸ்டோவின் கருத்து இடம்பெறுகிறது. வீட்டு அடுப்பிலிருந்து எழும் மெல்லிய புகை இத்தகைய வழக்குக்கு உரியதன்று என்ற கருத்தும் அதனையடுத்தே பதிவாகியுள்ளது. இம்மரபின் வழித்தோன்றலான ஜெர்மன் குடிமைச் சட்டம், 1900 சனவரி முதல் நடைமுறையில் உள்ள தன் 906ஆம் பிரிவில், புகை, புகைக்கரி, வெப்பம், ஓசை, அதிர்வு போன்றவை அயலாரின் நிலத்தைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்காதவரை அவற்றைத் தடுக்க முடியாது என்று வரையறுத்தது. எண்ணெய்க் கொதிகலன் வெளிவிடும் ஏறத்தாழ எல்லாமே அப்பட்டியலில் உள்ளன.

குறிப்பிடத்தக்க அளவு எது என்பதை எண்ணால் சொல்ல முற்பட்டது இருபதாம் நூற்றாண்டு. ஓசையின் அளவு டெசிபெல் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. அது பெருக்கல் முறையில் ஏறும் அளவாதலால், 10 டெசிபெல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகிறது, செவிக்கு ஏறத்தாழ இருமடங்கு உரத்துக் கேட்கிறது. ஜெர்மனியின் 1998ஆம் ஆண்டு ஓசை விதிகள், குடியிருப்பு மட்டுமே உள்ள பகுதியில் பகலில் 50, இரவில் 35 டெசிபெல் என்று எல்லை வகுக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்கென 2009இல் வெளியிட்ட இரவு ஓசை வழிகாட்டுதல், வீட்டுக்கு வெளியே ஆண்டுச் சராசரியாக 40 டெசிபெலைத் தாண்டலாகாது என்கிறது.

இவ்வெண்கள் பயனுள்ளவை, ஆனால் அறத்தின் முடிவுரையாக அவற்றைக் கொள்ள முடியாது. இவ்வளவீடுகளில் வழக்கமாகப் பயன்படும் 'ஏ' எடைமுறை, மனிதச் செவி தாழ்ந்த சுரங்களைக் குறைவாகவே உணர்கிறது என்பதைக் கருதி, அவற்றின் மதிப்பைக் குறைத்துக் கணக்கிடுகிறது; 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வுகள், கொண்ட ஒலியிலிருந்து ஏறத்தாழ 30 டெசிபெல் கழிக்கப்படுகிறது. கொதிகலன் மோட்டாரின் முரல்வு சரியாக அப்பகுதியில்தான் விழுகிறது. நொடிக்கு 47 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 7 மீட்டர். உயர்ந்த சுரங்களைத் தடுக்கும் சுவரும் சன்னலும் அதைப் பெரிதும் தடுப்பதில்லை. இதனால், பேச்சொலியும் வண்டியோசையும் வடிகட்டப்பட்ட அமைதியான படுக்கையறையில் அம்முரல்வு மட்டும் தனித்து எஞ்சுகிறது. கருவியோ விதிக்கு உட்பட்ட எண்ணைக் காட்டுகிறது. இக்குறையை உணர்ந்தே ஜெர்மனியில் தாழ்சுர ஓசைக்கென டின் 45680 என்னும் தனித் தரநிலை வகுக்கப்பட்டது. அளவுகோல் கேளாததை மனிதர் கேட்கிறார் என்றால், குறை சொல்பவர் மிகைப்படுத்துகிறார் என்று முடிவு செய்வதற்கு முன், அவருடைய அறைக்குள் சென்று சற்று நேரம் கேட்பது நேர்மையான நடைமுறை.

தீங்கு இருபுறமும் உரியதா

இவ்விடத்தில் ஒரு வலுவான எதிர்வாதத்தை எதிர்கொள்ள வேண்டும். 1879இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன் வழக்கில், இனிப்புப் பண்டம் செய்யும் ஒருவர் நெடுங்காலமாகத் தம் சமையலறையில் உரலும் உலக்கையும் பயன்படுத்திவந்தார். அடுத்த மனைக்கு வந்த மருத்துவர், அச்சமையலறையை ஒட்டி நோயாளரைப் பார்க்கும் அறை கட்டிய பின், ஓசையால் தொழில் கெடுகிறது என்று வழக்குத் தொடுத்து வென்றார். பொருளியலாளர் ரொனால்டு கோஸ் 1960இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இவ்வழக்கை எடுத்துக்கொண்டு, தீங்கு இருபுறமும் உரியது என்று வாதிட்டார். ஓசையால் மருத்துவருக்குத் தீங்கு என்பது போலவே, ஓசையைத் தடுத்தால் பண்டம் செய்பவருக்கும் தீங்கு. யார் குற்றவாளி என்று கேட்பதைவிட, எந்த ஏற்பாட்டில் மொத்த இழப்பு குறைவு என்று கேட்பதே முறை என்பது அவர் நிலைப்பாடு.

இவ்வாதம் சினத்தைத் தணித்து இருவரையும் ஒரே மேசைக்கு அழைக்கிறது. அதன் நன்மை அது. ஆனால் உறக்கத்தைப் பொறுத்தவரை அது குறையுடையது. உலக்கை இடிப்பவரும் நோயாளரின் நெஞ்சொலியைக் கேட்பவரும் இரண்டு தொழில்களை நடத்துகிறார்கள். உறங்குபவரோ எதையும் நடத்துவதில்லை, எவர் எல்லைக்குள்ளும் எதையும் அனுப்புவதில்லை. மேலும், பேரம் பேசுவதற்கும் வேலைக்குச் செல்வதற்கும் வேண்டிய ஆற்றலே உறக்கத்திலிருந்துதான் வருகிறது. அதை இழந்தவரைச் சமநிலைப் பேரத்துக்கு அழைப்பது சமன் ஆகாது. அறிவிலும் இருவரும் சமமானவர் அல்லர். கொதிகலனின் மூடியைத் திறக்கவும், பழுதுபார்ப்பவரை அழைக்கவும், தேய்ந்த பகுதியை மாற்றவும் உரிமையாளரால் மட்டுமே முடியும். அயலாருக்குத் தெரிவதெல்லாம் சுவரின் மறுபுறத்து முரல்வு மட்டுமே. சட்ட அறிஞர் குய்டோ கலப்ரேசி 1970இல் வெளியிட்ட நூலில், இழப்பை யார் மிகக் குறைந்த செலவில் தவிர்க்க முடியுமோ அவரிடமே பொறுப்பை வைக்க வேண்டும் என்று காட்டினார். அந்தப் பொருளியல் கணக்கும் இங்கே உரிமையாளரையே சுட்டுகிறது.

தணிக்கும் கடமையின் வரிசை

தீங்கு செய்யும் எண்ணம் இல்லாதவரின் பொறுப்பு என்னும் இரண்டாம் கேள்விக்கும் இங்கிருந்து விடை கிடைக்கிறது. தம் பொறி அயலாரை எட்டுகிறது என்பதை அறியாதவரைக் குறை கூறுவதில் பயனில்லை; ஆனால் அவருக்கு அது தெரிவிக்கப்பட்ட நாள் முதல், ஒவ்வோர் இரவும் தொடரும் ஓசை தற்செயல் நிகழ்ச்சியாக இருப்பதை விட்டு, அவருடைய முடிவாகிவிடுகிறது. அதன்பின் அவர் கடமை, அறிந்து செயல்படுவது. அக்கடமைக்கு ஓர் இயல்பான வரிசை உண்டு.

முதற்படி பராமரிப்பு. ஆண்டுக்கு ஒருமுறை தகுதி பெற்ற பணியாளரைக் கொண்டு சர்வீஸ் செய்து, நாசிலை மாற்றி, புகைக்கரியை நீக்கி, புகைவளியை அளக்கும் கருவியால் காற்றின் அளவைச் சீராக்கினால், சுடரின் முழக்கம் பெரும்பாலும் தானாகவே அடங்கும், எண்ணெயும் மிச்சமாகும். நீர்க்குழாய்களை அலசிச் சேற்றை வெளியேற்றுவதும் இதில் அடங்கும். அடுத்தது தொடர்பை அறுப்பது. கொதிகலனின் அடியில் அதிர்வு உறிஞ்சும் ரப்பர்த் திண்டுகளை இடுவதும், உறுதியான செம்புக் குழாய் சுவரை அடையுமுன் வளையும் இணைப்பைச் சேர்ப்பதும், கவ்விகளுக்குள் ரப்பர் உறை வைப்பதும், குழாய் சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தில் கல்லும் உலோகமும் தொடாதபடி மெத்தென்ற பொருளை நிரப்புவதும் அத்தகையவை. மிஷ்னா சொன்ன மூன்று கையகலத்தின் இக்கால வடிவங்கள் இவை. மூன்றாவது, உறையிடுதல்: எரிப்பானுக்கு ஒலி உறிஞ்சும் மூடியும், புகைபோக்கியில் கனிமக் கம்பளம் பொதிந்த ஒலித்தணிப்பானும் பொருத்தலாம். நான்காவது, அளவறிதல். வீட்டின் தேவைக்கு மிஞ்சிய திறனுள்ள கொதிகலன் சட்டெனச் சூடேறி நின்று, சட்டென மறுபடி தொடங்குவதால், தொடக்கக் குமுறல் இரவில் பலமுறை எழுகிறது. கூரைக்கும் சுவருக்கும் வெப்பக்காப்பு இடுவதும், ஊர் உறங்கும் நேரத்தில் இயங்காதபடி நேரக் கருவியை அமைப்பதும், ஓசையை அதன் வேரிலேயே குறைக்கின்றன.

இவ்வரிசையில் ஒரு விலக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஓசையை அடக்கும் ஆர்வத்தில், காற்று உட்செல்லும் வழிகளைத் துணியாலோ பஞ்சாலோ அடைப்பது உயிருக்கு ஆபத்தானது. காற்றுக் குறைந்தால் எரிதல் நிறைவுறாமல், மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி பிறந்து, உறங்குபவரை உறக்கத்திலேயே கொல்லும். ஆகவே புகைபோக்கியிலும் எரிப்பானிலும் செய்யும் எம்மாற்றமும் பயிற்சி பெற்றவரின் கையாலேயே நடைபெற வேண்டும். அயலாரின் அமைதிக்காகத் தம் வீட்டாரின் உயிரைப் பணயம் வைப்பதை எந்த அறநூலும் கோரவில்லை.

கேட்பவரின் கடமை

இவ்வளவும் செய்த பின்னரும் சிறிது ஓசை எஞ்சும். அங்கே அயலாரின் கடமை தொடங்குகிறது. உரோமச் சட்டம் அடுப்பின் மெல்லிய புகையை ஏற்றதும், மிஷ்னா சுத்தியலையும் குழந்தைகளையும் காத்ததும், அண்டை வாழ்வு என்பது பிறர் உயிரோடு இருப்பதன் அடையாளங்களை ஏற்பதையும் உள்ளடக்கியது என்பதாலேயே. குறையைச் சொல்லும் முறையும் இதில் சேரும்: பகலில், நேரில், எந்நேரத்தில் எவ்வாறு கேட்கிறது என்னும் விவரத்தோடு சொல்லப்படும் குறை, தீர்வுக்கு வழி திறக்கிறது. 1893இல் இங்கிலாந்தில் தீர்ப்பான கிறிஸ்டி எதிர் டேவி வழக்கில், அடுத்த வீட்டு இசைப் பயிற்சியால் எரிச்சலுற்றவர் பழிவாங்கும் நோக்கில் சுவரைத் தட்டியும் தட்டுகளை அடித்தும் ஓசை எழுப்ப, நீதிமன்றம் அவரையே தடுத்தது. தீய நோக்கம் கலந்த ஓசை, தேவையிலிருந்து பிறந்த ஓசையினும் கொடியது என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. வறுமையும் கருதத்தக்கது: புதிய கொதிகலன் வாங்க இயலாத முதியவரிடம் அதைக் கோருவது கொடுமை, ரப்பர்த் திண்டும் நேரக் கருவியின் மாற்றமும் அவருக்கும் எட்டுபவை. வாடகை வீட்டில் பொறியை மாற்றும் உரிமை குடியிருப்பவருக்கு இல்லாததால், அங்கே இக்கடமை முழுவதும் வீட்டு உரிமையாளரையே சாரும்.

முடிவாக, பொறுமைக்கும் தணித்தலுக்கும் இடையே எது உயர்ந்தது என்பது தவறான கேள்வி. எது முதலில் வரவேண்டும் என்பதே சரியான கேள்வி. செனெகாவின் உள்ளமைதி மேலான பண்பு. ஆனால் அதைத் தம்மிடமிருந்து மட்டுமே ஒருவர் கோரலாம். தம்மால் தணிக்கக்கூடிய ஓசையைத் தணித்து முடிக்காதவருக்கு, அயலாரிடம் பொறுமையைக் கேட்கும் தகுதி இல்லை. தணித்து முடித்தவரிடம் முழு மௌனத்தைக் கேட்கும் உரிமை அயலாருக்கும் இல்லை. வீட்டில் கொதிகலன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் குளிர்காலம் தொடங்குமுன் பொறியைச் சர்வீஸ் செய்து, பின்னர் சுவரின் மறுபுறம் வாழ்பவரிடம் சென்று, இரவில் ஓசை கேட்கிறதா என்று தாமே முன்வந்து கேட்க வேண்டும். சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. அண்டை அறம் கட்டாயப்படுத்துகிறது.